கூட்டாளியின் எண்ணம் திரையில் தெரிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் பொடியன்கள் அணி சேர்ந்து ஆடும் போர்த்தந்திர விளையாட்டுகளைப் பற்றிக் கதை எழுந்தால், அது உடனே கணனியின் விலைக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போய்விடுகிறது. அணிகள் பெரும்பாலும் அதனால் தோற்பதில்லை. கூட்டாளி அடுத்த அரை நிமிடத்தில் என்ன செய்யப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரியாததால் தோற்கின்றன. இரண்டு பேர் ஒரே கணவாயைக் காக்கப் போவார்கள். மற்றக் கணவாய் திறந்து கிடக்கும். கரைவலையில் ஒரு பக்கக் கயிறு முந்தி வந்தால் வலை கோணி மீன் தப்பிவிடும் அல்லவா, அதே கணக்குத்தான்.

மைக்கில் பேசினால் போதாதா என்று கேட்பார்கள். குரல் அவசரத்தைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. "இங்க வா, இங்க வா" என்று நான்கு பேர் ஒன்றாகக் கத்தினால் எந்த "இங்க" என்று ஒருவருக்கும் விளங்காது. பக்கத்து அறையில் பரீட்சைக்குப் படிக்கும் தங்கை இருந்தால் அந்தக் கத்தலுக்கும் வழியில்லை. எழுதிச் சொல்லலாம் என்றால், எழுதும் அந்த ஐந்து விநாடியும் படை கட்டளையில்லாமல் நிற்கும். ஆகவே சொல்லவேண்டியது வரைபடத்திலேயே, கண் ஏற்கெனவே நிற்கும் இடத்தில், தெரிய வேண்டும். ஆட்டத்தின் திரையில் இப்படிக் குறிகளைக் கூட்டிக் காட்டும் சிறு நிரல்கள்தான் இடைமுகத் துணைநிரல்கள்; அவற்றின் வேலை இதுதான்.

இது புதிய யோசனை அல்ல. 1999இல் வந்த ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 ஆட்டத்தில் அரட்டைப் பெட்டியில் 3 என்று அடித்தால் உணவு வேண்டும், 4 என்றால் மரம், 5 தங்கம், 6 கல் என்று கூட்டாளிக்குக் குரலாகவே கேட்கும். ஓர் எண்ணுக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். ஆங்கிலம் தடுமாறும் பொடியனும் முதல் நாளே பழகிவிடுவான்.

சொந்தமாகச் செய்து பார்க்க விரும்புவோருக்கு நாங்கள் சொல்லும் ஆட்டம் பியொண்ட் ஓல் ரீசன். இலவசமானது, திறந்த மூல நிரல், அணிக்கு 8 பேராகவும் ஆடலாம். துணைநிரலே இல்லாமல், விசைப்பலகையில் 1க்கு இடப்பக்கம் உள்ள விசையை அழுத்திப் பிடித்து மவுஸை இழுத்தால் வரைபடத்தில் கோடு விழும். இருமுறை சொடுக்கினால் சொல் எழுதலாம். வலப் பொத்தானால் அழிக்கலாம். இதைக்கூடப் பயன்படுத்தாமல் ஆடும் அணிகள் பல. முதலில் இதைப் பழகுங்கள்.

அதற்கு மேல் வேண்டுமானால் லுவா என்ற நிரல் மொழியில் விட்ஜெட் எழுதலாம்; இந்த ஆட்டத்தில் துணைநிரலுக்கு அதுதான் பெயர். ஆட்டத்தின் தரவுக் கோப்புறையில் லுவாயூஐ (LuaUI) என்ற கோப்புறை, அதற்குள் விட்ஜெட்ஸ் (Widgets). அங்கே கோப்பைப் போட்டு, அரட்டையில் சரிவுக்கோட்டுடன் லுவாயூஐ ரீலோட் (/luaui reload) என்று அடித்தால் ஏறும். எஃப்11 அழுத்தினால் வரும் பட்டியலில் அது இயங்குகிறதா என்று பார்க்கலாம். இயங்கிக்கொண்டிருந்தது திடீரென மறைந்தால் நிரலில் பிழை. ஆட்டம் அதைத் தானாகவே கழற்றிவிட்டு, காரணத்தை இன்ஃபோலொக் (infolog.txt) என்ற பதிவுக் கோப்பில் எழுதி வைத்திருக்கும்.

இங்கே வழக்கமாக விடப்படும் தவறு இரண்டு. முதலாவது ஆபத்தானது. விட்ஜெட்டிலிருந்து செய்தி அனுப்பும் கட்டளையில் யாருக்கு என்ற இடத்தை வெறுமையாக விட்டால், அது எதிரணி உட்பட எல்லாருக்கும் போகும். சாதாரணமாக அவர்கள் திரையில் அது தெரியாது. ஆனால் அதைப் பிடித்து வாசிக்கும் விட்ஜெட் எழுதுவது பத்து வரி வேலை. கூட்டாளிகள் என்று பொருள்படும் 'அலைஸ்' (allies) என்று குறித்தால்தான் செய்தி கூட்டாளிகளுக்குள் நிற்கும். இரண்டாவது, அளவு தெரியாமல் அனுப்புவது. இந்த ஆட்டம் விநாடிக்கு 30 சட்டகங்களில், அதாவது 30 கணக்கீட்டுப் படிகளில், ஓடுகிறது. ஒவ்வொரு சட்டகத்திலும் உங்கள் நோக்கத்தை அனுப்பினால், 8 பேர் அணியில் விநாடிக்கு 240 செய்திகள். விநாடிக்கு இரண்டு போதும்; அது 16 ஆகிவிடும். ஒரே ஹொட்ஸ்பொட்டில் இரண்டு கணனி ஓடும் வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குறி எப்படி இருக்க வேண்டும்? தரையில் ஒரு வளையம், அதற்குமேல் ஒரு சொல், 8 விநாடியில் மங்கி மறைய வேண்டும். மறையாத குறி பொய் சொல்லும்: அவர் போய் வெகு நேரமான இடத்தில் இன்னும் நிற்பதாகக் காட்டும். நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர் அணியில் இருக்கலாம். தாக்குதலுக்கு முக்கோணம், காவலுக்குச் சதுரம் என வடிவத்தையும் மாற்றுங்கள்.

அந்தச் சொல் தமிழில் இருக்க முடியுமா? முடியும், ஆனால் எழுத்துரு சேர்த்தால் மட்டும் வராது. பல விளையாட்டு இயந்திரங்கள், அதாவது ஆட்டத்தை ஓட்டும் அடிப்படை நிரல்கள், எழுத்துகளை ஒவ்வொன்றாக அடுக்கித்தான் வரைகின்றன. 'கொ'வில் முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் விழுகிறது. எழுத்தைக் கோத்துத் தரும் ஹார்ஃப்பஸ் போன்ற ஆயத்த நிரல் தொகுப்பு இயந்திரத்துக்குள் இருந்தால்தான் சரியாக வரும். அதற்காகக் காத்திராமல், 'அடி', 'காப்பு', 'பின்வாங்கு', 'உலோகம் தா', 'வாறன்' என்ற ஐந்தையும் பின்னணி இல்லாத படங்களாகச் செய்து விட்ஜெட்டில் காட்டுங்கள். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு. பச்சைத் தரையிலும் மணலிலும் அப்போதுதான் வாசிக்க முடியும். ஐந்தைத் தாண்டவேண்டாம். பன்னிரண்டு சொல் வைத்தால் எதை அழுத்துவது என்று தேடுவதே வேலையாகிவிடும்.

போட்டி நடத்தும் விளையாட்டுக் கழகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். துணைநிரல் எல்லாவற்றையும் ஏமாற்று என்று தடுக்கவும் வேண்டாம், எல்லாவற்றையும் விடவும் வேண்டாம். வீரர் தாமே பார்க்கக்கூடியதைக் கூட்டாளிக்குக் காட்டுவது உதவி. ஆட்டம் மறைத்து வைத்ததை எடுத்துக் காட்டுவது களவு. டோட்டா 2 ஆட்டத்தில் வழமையாக ஆடும்போது யாரும் தொடாத ஒரு தரவுப் பகுதியை அதை உருவாக்கிய வால்வ் நிறுவனம் பொறியாக வைத்து, அதை வாசித்த 40,000க்கு மேற்பட்ட கணக்குகளை 2023 பெப்ரவரியில் நிரந்தரமாகத் தடை செய்தது. அப்படிப்பட்ட கோப்பை நண்பன் தந்தான் என்று வாங்கிப் போட்டால் போவது உங்கள் கணக்குத்தான்.

அனுமதித்த கோப்புகளின் பட்டியலைப் போட்டிக்கு ஒரு கிழமைக்கு முன்பே வெளியிடுங்கள். அன்றைய தினம் எல்லாக் கணனியிலும் அதே கோப்புகளை ஏற்றி, ஒரு கணனியை எதிரணியாக உட்கார வைத்து, இந்தப் பக்கத்துக் குறி அந்தத் திரையில் விழுகிறதா என்று பார்த்த பிறகே முதல் ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

இடைமுக நிரல் எழுதும் வாசகர்கள்,
கல்லடி, கல்முனை.