நட்டுவனாருக்கு விழா, நட்டுவாங்கம் பென் டிரைவில்

பெரியவர் கே.பி. கிட்டப்பா பிள்ளை நினைவு விழாக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் நடத்திய விழாவுக்கு வந்திருந்தேன். வாசலில் சந்தனம், கற்கண்டு கொடுத்து, முன்வரிசையில் நாற்காலி காட்டி உட்கார வைத்தீர்கள். சாப்பாடும் நன்றாக இருந்தது. எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த விழாவிலாவது பரதநாட்டிய மேடையில், தாளம் பிடித்து, ஜதி என்கிற தாளச் சொற்களைச் சொல்லி ஆட்டுவிக்க ஒரு நட்டுவனாரை உட்கார வையுங்கள்.

கிட்டப்பா பிள்ளையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரதக் கச்சேரி முறையை அமைத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் வழியில் 1913-இல் பிறந்தவர், பொன்னையா பிள்ளையின் மகன், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நட்டுவாங்கம் கற்றவர் என்று உங்கள் நோட்டீஸே சொன்னது. நால்வரின் உருப்படிகள் வீட்டுச் சுவடியோடு போய்விடாமல் சுரதாளக் குறிப்போடு அச்சில் கொண்டுவந்தவர், கோயிலில் திக்குத் தெய்வங்களுக்கு ஆடிய நவசந்தி கவுத்துவங்களை மறுபடியும் ஆட வைத்தவர் என்று தலைமை தாங்கியவரும் பேசினார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. பேச்சு முடிந்து திரை விலகியதும்தான் தெரிந்தது, மேடையின் ஓரம் காலி. பாட்டு, ஜதி, மிருதங்கம் எல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தன. நட்டுவனார் ஒருவருக்கு எடுத்த நினைவு விழாவில் தாளத்தைக் கையில் பிடிக்க ஆள் இல்லை.

அன்று வர்ணம் ஆடிய பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கலாம். நால்வரின் பைரவி வர்ணம், ரூபக தாளம். சின்ன உருப்படியா அது? நல்ல அரைமண்டி, சுத்தமான அடவு, யாரோ ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது ஜதியில் அவளுடைய வலது கால் சலங்கையின் வார் அவிழ்ந்தது. இரண்டு அடவு வரை சமாளித்தாள். அப்புறம் சலங்கை கழன்று காலில் மாட்டியது. குனியவும் முடியாது, நிற்கவும் முடியாது. காலால் ஒதுக்கிவிட்டு நிமிர்ந்தபோது ஜதி எங்கேயோ போய்விட்டது. ஒலிப்பெட்டி தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போய் ஜதியை முடிக்கும் தீர்மானம் வைத்தது. இவள் அரை ஆவர்த்தம், அதாவது பாதித் தாளச் சுற்று, பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்து பாட்டு வரியான சாகித்யம் வந்தபோது முகத்தில் சிருங்காரம் வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் நின்றது. என் பக்கத்தில் இருந்த அம்மாள், "பாவம், குழந்தை பயந்துடுச்சு" என்றார்.

பயமில்லை அது. மேடையில் அவளுக்குத் துணைக்கு ஆளில்லை. ஒரு நட்டுவனார் இருந்திருந்தால் வார் அவிழும்போதே பார்த்திருப்பார். அவர் கண் எப்போதும் காலில்தானே இருக்கும். கடைசி ஜதிக் கோர்வையை இன்னொரு முறை சொல்லியிருப்பார், மிருதங்கக்காரர் அவர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பார், பாடுகிறவர் காத்திருந்து எடுத்திருப்பார். சபையில் பாதிப் பேருக்கு எதுவுமே தெரிந்திருக்காது. முப்பது வருடமாகத் தாளம் பிடிக்கிறேன். இப்படி எத்தனை பிள்ளைகளைக் கரை சேர்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. என் வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான நட்டுவனார் ஒருவர், அந்தப் பெண் தடுமாறிய நேரம் தொடையில் தட்டித் தட்டி வாய்க்குள்ளேயே ஜதிச் சொற்கட்டைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் காதில் எப்படி விழும்? கொஞ்ச நேரம் கழித்து அவரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள். "நேரம் இல்லை ஐயா, இரண்டு வார்த்தை போதும்" என்று மைக்கைக் கொடுத்தீர்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

மேளக்காரர்களுக்கு ஆகும் செலவு கட்டுப்படியாகவில்லை என்று உங்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயம்தான். வாசலில் இருந்து முக்குவரை வைத்த பிளெக்ஸ்களை எண்ணிப் பார்த்துவிட்டு அதே நியாயத்தைச் சொன்னாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பிளெக்ஸில் பெரியவரின் படம் இருந்தது. அதைவிடப் பெரிதாக உங்கள் படங்கள் இருந்தன.

உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இந்த ஆட்டத்தைச் சின்ன மேளம் என்று சொன்ன காலத்தில் நட்டுவனார் ஆடுகிறவருக்குப் பின்னால் நின்று, கூடவே முன்னும் பின்னும் நடந்து ஆட்டுவித்தார். அப்புறம் மரியாதையாக இருக்கட்டும் என்று மேடை ஓரத்தில் உட்கார வைத்தார்கள். இப்போது சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அரங்கேற்ற அழைப்பிதழ்களைப் பாருங்கள். ஒப்பனை யார், ஒளியமைப்பு யார், சாப்பாடு யார் என்று எல்லாம் இருக்கும். நட்டுவாங்கம் யார் என்று தேடத்தான் வேண்டும். தேடினால் 'ஒலிப்பதிவு' என்று இருக்கும்.

கிட்டப்பா பிள்ளை யாரையும் ஓரத்தில் நிறுத்தியவர் அல்லர். வைஜயந்திமாலாவுக்குச் சொல்லிக் கொடுத்த அதே தஞ்சாவூர்க்காரர்தான், மதுரையிலிருந்து வந்த திருநங்கை நர்த்தகி நடராஜையும் சிஷ்யையாக ஏற்றுப் பல வருடம் குருகுலமாக வைத்துக் கற்றுக் கொடுத்தார். 2019-இல் அந்த அம்மாவுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமெல்லாம் கைதட்டினோம். எண்பதுகளில் கதவைத் திறந்துவிட்டது அவர். அப்படிப்பட்டவர் பெயரில் நடக்கும் மேடையில் அவருடைய தொழிலுக்கே இடம் இல்லை என்றால் எப்படி?

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேனோ என்னவோ. விழா எடுக்க ஆளில்லாத ஊர்களும் இருக்கின்றன. நீங்கள் எடுக்கிறீர்கள், அது பெரிய காரியம். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். ஐந்து பேர் ஆட வேண்டாம், இரண்டு பேர் ஆடட்டும். ஒரு நட்டுவாங்கம், ஒரு பாட்டு, ஒரு மிருதங்கம் போதும். நோட்டீஸில் அவர்கள் பெயரையும் ஆடுகிறவர் பெயரின் அளவிலேயே போடுங்கள். எனக்குச் சன்மானம் வேண்டாம், நானே வந்து தாளம் பிடிக்கிறேன் என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். பந்தல்காரர் சும்மா போடவில்லை, மைக்செட்காரரும் சும்மா வரவில்லை. எங்களுக்கும் கொடுங்கள்.

அடுத்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் உதவியாக இருக்கும்.

பணிவுடன்,
விழாவுக்கு வந்திருந்த ஒரு நட்டுவாங்கக் கலைஞர்