மேலிருந்து எடுத்த ஒரே படம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் வீட்டுத்தோட்டப் பகுதியில் வாசகர்கள் அனுப்பும் பூச்சிப் படங்களுக்குப் பதில் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் சென்ற வாரம், செம்பருத்திக் கொழுந்தில் வெள்ளைவெள்ளையாக அப்பியிருந்த படத்துக்கு ‘மாவுப்பூச்சி, மருந்து அடியுங்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஓரத்தில் மற்றவற்றைவிடப் பெரிதாக, நீள இழைகளோடு ஒன்று இருந்ததே, அதைக் கவனித்தீர்களா? எனக்கென்னவோ அது மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழுவாகத்தான் தெரிகிறது. 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து நம் காபித் தோட்டங்களுக்காக வரவழைத்த வண்டு அது. அதன் புழு, இரையைப் போலவே வெள்ளை மெழுகைப் போர்த்திக்கொண்டு அதன் நடுவிலேயே உட்கார்ந்து சாப்பிடும். குச்சியால் லேசாகத் தொட்டால் புழு விறுவிறுவென்று நடக்கும். மாவுப்பூச்சி அசையவே யோசிக்கும். இதைப் படத்தில் எப்படிப் பார்ப்பது? பத்து விநாடி வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். அதற்குள் மருந்து அடித்தால், கூலி கேட்காமல் வேலை செய்கிறவனை நாமே கொன்ற கதைதான்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் மொட்டை மாடியில் தொட்டிச்செடிகள் இருப்பதால், தெருவில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் செல்போனை என்னிடம்தான் நீட்டுவார்கள். அதிகம் வருவது கத்தரி இலைமேல் உட்கார்ந்த புள்ளி வண்டு. அது பொறிவண்டா, இலையைத் தின்னும் எபிலாக்னா வண்டா? எபிலாக்னாவின் முதுகில் மெல்லிய ரோமம் உண்டு, அதனால் மங்கலாக இருக்கும். நம் பொறிவண்டு பளபளக்கும். பிளாஷ் போட்டு எடுத்தால் இரண்டுமே பளபளக்கும்! நான் வண்டைவிட இலையைத்தான் பார்ப்பேன். பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சியிருந்தால் எபிலாக்னா. இலைக்கு அடியில், பொறிவண்டின் இரையான அசுவினிப் பூச்சி மொய்த்திருந்து, இலை ஓட்டையில்லாமல் இருந்தால் பெரும்பாலும் பொறிவண்டு. அந்த அடிப்பக்கத்தை யாரும் எடுத்து அனுப்புவதில்லை.

சிலந்தி இன்னும் மோசம். மாமரத்து முசுறு எறும்பைப் போலவே நிறமும் இடுப்பும் உள்ள குதிக்கும் சிலந்தி ஒன்று உண்டு. முன்கால் இரண்டையும் தூக்கி, எறும்பின் உணர்கொம்பு மாதிரி ஆட்டும். மேலிருந்து எடுத்தால் ஆறு கால், இரண்டு கொம்பு என்றுதான் கணக்கு வரும். முகத்துக்கு நேராக எடுத்துப் பாருங்கள், இரண்டு பெரிய கண்கள் முன்னால் வந்து நிற்கும். எறும்புக்கு அப்படிக் கிடையாது. அப்புறம், பல சிலந்திகளின் சரியான இனத்தைச் சொல்ல, நுண்ணோக்கியில் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும். எவ்வளவு நல்ல கேமராவாக இருந்தாலும் அதற்கு உதவாது. ஆகவே ‘குதிக்கும் சிலந்தி வகை, அதற்கு மேல் இந்தப் படத்தில் சொல்ல முடியாது’ என்று அச்சிடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

என் வேண்டுகோள் சின்னதுதான். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று என்று படம் கேளுங்கள். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். செடியின் பெயரையும் ஊரையும் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அப்படியே, வரும் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்காமல் கொஞ்சம் பெரிதாகப் போட்டால், எங்களுக்கும் கால்களை எண்ணிப் பார்க்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்