வேர்டு இல்லாமல் ரைட்டர் ஏன்? பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கமுங்க. போன பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது உங்களில் பலர் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "பனியன் கம்பெனி ஆபீஸ்ல எல்லாம் வேர்டு தானுங்க சார் கேக்கறாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல ஏனுங்க வேற என்னமோ சொல்லிக் குடுக்கறீங்க?" நியாயமான கேள்வி. வாசலில் நின்று இரண்டு வரியில் முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நம் கணினி ஆய்வகத்தில் இருப்பது லிப்ரே ஆபீஸ். அதில் கடிதம், கட்டுரை எல்லாம் தட்டச்சு செய்யும் பகுதிக்கு ரைட்டர் என்று பெயர். மைக்ரோசாஃப்ட் வேர்டு செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது. நம் பிள்ளைகளுக்கு வேர்டைவிட இதுவே ஏற்றது என்று உறுதியாக நம்புகிறேன்.

பதினோராம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். 2018-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் சொற்செயலிப் பாடம் ஓபன் ஆபீஸ் ரைட்டரை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஓபன் ஆபீஸிலிருந்து 2010-ல் பிரிந்து வளர்ந்ததுதான் லிப்ரே ஆபீஸ். ஓபன் ஆபீஸ் இன்னும் 2014-ல் வந்த 4.1 வரிசையிலேயே நிற்கிறது. லிப்ரே ஆபீஸுக்கோ ஆண்டுக்கு இரண்டு பெரிய பதிப்புகள் வருகின்றன. புத்தகத்தில் படிப்பதை ஆய்வகத்தில் செய்து பார்க்க இதைவிடப் பொருத்தமானது இல்லை.

அடுத்தது பணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வேர்டை முறையாக வாங்க வேண்டும் என்றால் ஒரே தடவையில் பெரிய தொகை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வருடா வருடம் சந்தா கட்ட வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வேர்டும் உண்டு. ஆனால் அதற்கு ஒரு கணக்குத் திறக்க வேண்டும், வேலை முடியும்வரை நெட்டும் இருக்க வேண்டும். தறிக்குடோன் பக்கத்து வீட்டிலும் தோட்டத்துச் சாளையிலும் சிக்னல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததில்லை. இந்தச் சங்கடத்தால்தான் பலர் கடையில் கொடுத்து 'கிராக்' போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த வேர்டை ஏற்றிக்கொள்கிறார்கள். அது சட்டப்படி தவறு. அதோடு வைரஸும் சேர்ந்து வரும் வாய்ப்பு உண்டு. பிள்ளைக்குக் கணினி வாங்கித் தந்த கையோடு திருட்டுச் சரக்கையும் பழக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

லிப்ரே ஆபீஸுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஒரு பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டு அண்ணன் கணினி, சித்தப்பா வீட்டுக் கணினி என்று எத்தனையில் வேண்டுமானாலும் போடலாம், அதற்கு உரிமமே இடம் தருகிறது. பழைய கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டிருந்தாலும் ஓடும். நெட் வேண்டாம், கணக்கு வேண்டாம். பக்கத்துப் பாலக்காட்டிலும் மற்ற கேரள மாவட்டங்களிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் வைத்துத்தான் கணினி கற்கிறார்கள். வாளையாறுக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் நடக்காதா?

சரி, வேலைக்கு உதவுமா? தலைப்புக்கு ஸ்டைல் கொடுப்பது, அட்டவணை போடுவது, ஒரே கடிதத்தை நூறு பேர் முகவரிக்குத் தனித்தனியாக அடிக்கும் மெயில் மெர்ஜ் எல்லாம் இரண்டிலும் உண்டு. ஒரு தறியில் நன்றாகக் கை பழகியவர் வேறு கம்பெனித் தறியில் நின்றால் நாலு நாளில் பிடித்துக்கொள்வார், இதுவும் அப்படித்தான். ரைட்டரில் செய்ததை வேர்டு கோப்பாகவே சேமிக்கலாம், வேர்டில் வந்ததையும் திறந்து திருத்தலாம். ஒரு விஷயத்தில் ரைட்டர் ஒரு படி மேல் என்பேன். பிராஜெக்ட் அறிக்கையின் நடுவில் அகலமான அட்டவணைக்காக ஒரே ஒரு பக்கத்தை மட்டும் படுக்கை வாட்டில் திருப்ப வேண்டும் என்றால், ரைட்டரில் அதற்கு முன்னும் பின்னும் பக்கம் பிரிக்கும்போதே வேண்டிய பக்க ஸ்டைலை (பக்க அமைப்பை) தேர்ந்தெடுத்தால் போதும். வேர்டில் முன்னும் பின்னும் செக்‌ஷன் பிரிக்க வேண்டும். அங்கேதான் பிள்ளைகளுக்குப் பக்க எண்ணும் மேல்தலைப்பும் குழம்புகின்றன.

தமிழில் தட்டச்சு செய்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் பள்ளியின் பழைய கோப்புகள் சிலவற்றை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று வருகின்றன. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை அவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் படிக்கவே முடியாது. அது வேர்டின் குற்றம் அல்ல, அந்தக் காலத்து எழுத்துருக் குறிமுறையின் கோளாறு. ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் இனி எல்லாம் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுக் குறிமுறையான யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் என்று முடிவு செய்தோம். கோப்பு வடிவமும் அதுபோலவே எங்கும் திறக்கும்படி இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். ரைட்டர் சேமிக்கும் ஓடிடி வடிவம் 2006 முதல் ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பு ஏற்ற தரம். அதன் விவரம் முழுவதும் வெளிப்படையாக இருப்பதால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் அதைப் படிக்க மென்பொருள் எழுதலாம். வேர்டின் டாக்எக்ஸ் வடிவமும் 2008-ல் ஐஎஸ்ஓ தரமானது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அதன் விவரக்குறிப்பு ஆயிரக்கணக்கான பக்கம் நீளும். வேர்டைத் தவிர மற்ற மென்பொருள்கள் அதை அச்சுப் பிசகாமல் காட்டச் சிரமப்படுகின்றன.

வேர்டு மேலான இடங்களும் உண்டு. நாலைந்து பேர் ஒரே கோப்பில் ஒரே நேரத்தில் எழுத வேண்டுமென்றால் அதுதான் வசதி. கைபேசிச் செயலியும் நன்றாக இருக்கிறது. கம்பெனி அனுப்பும் சிக்கலான அட்டவணைக் கோப்பு ரைட்டரில் கொஞ்சம் நகர்ந்து தெரியலாம். அதனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆண்டுக் கடைசியில் வேர்டையும் காட்டித்தான் அனுப்புவோம். முறையாக வாங்கிய வேர்டு வீட்டில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள், வீட்டுப்பாடத்தை ஓடிடியாகவோ பிடிஎஃபாகவோ சேமித்துக் கொடுத்தால் போதும்.

வரும் சனிக்கிழமை காலை ஆய்வகம் திறந்திருக்கும். காலியான ஒரு பென்டிரைவ் கொண்டு வாருங்கள், கணினி ஆசிரியர் லிப்ரே ஆபீஸை ஏற்றித் தருவார். மடிக்கணினியையே கொண்டு வந்தால் அங்கேயே நிறுவியும் தருவார். வீட்டில் நீங்களே நிறுவுவதானால் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்து பயனர் இடைமுக மொழிகளில் தமிழையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிறகு அமைப்புகளின் மொழிப் பகுதியில் இடைமுக மொழியாகத் தமிழைத் தேர்ந்தால் மெனு தமிழில் வரும். அப்புறம் அதே மொழிப் பகுதியில் சிக்கலான எழுத்து முறை (Complex text layout) என்பதை இயக்கி அதற்கும் தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் தமிழ் எழுத்தின் அளவையும் எழுத்துருவையும் மாற்றும்போது தொல்லை கொடுக்கும். சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளையிடமே பென்டிரைவைக் கொடுத்து விடுங்கள்.

தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்