வீட்டு உரிமையாளர் நலச் சங்கம், ஓசூர்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். கண் பரிசோதனை முகாம் நடந்தது. மூன்றாவது குறுக்குத் தெருச் சாக்கடை குறித்து மாநகராட்சியில் இரண்டு முறை மனு கொடுத்திருக்கிறோம்.

வாடகை ஒப்பந்த உதவி மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். 2017-இல் இயற்றப்பட்ட தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் பதினோரு மாதம் என்று எழுதி பீரோவில் வைத்தால் போதும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். அந்தப் பதினோரு மாதக் கணக்கு பழைய பதிவுச் சட்டத்தை ஒட்டி வந்த வழக்கம். புதிய சட்டத்தில் அதற்கு விலக்கு கிடையாது. வேறு உடன்பாடு இல்லையென்றால் அட்வான்ஸும் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. பெங்களூரைப் பார்த்துப் பத்து மாதம் கேட்பவர்கள் அதையும் எழுத்தில் வைக்க வேண்டும்.

இந்த மேசையை நான் ஏன் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாடிப் போர்ஷனுக்குத் தெரிந்தவர் சொல்லி ஒரு குடும்பம் வந்தது. முகத்தைப் பார்த்து வீட்டைக் கொடுத்தேன், எழுதி வாங்கவில்லை. நான்காம் மாதத்திலிருந்து வாடகை வரவில்லை. "அட்வான்ஸில் கழிச்சுக்குங்க சார்" என்றார்கள். அட்வான்ஸ் தீர்ந்தபிறகும் மூன்று மாதம் இருந்துவிட்டு, கரண்ட் பில்லையும் கட்டாமல், சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே போய்க் கேட்பது? காட்ட ஒரு தாள்கூட என்னிடம் இல்லை.

நம் உறுப்பினர் ஒருவர் இதே நிலையில் கோபப்பட்டு மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். வாடகை பாக்கி இருந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. பணம் வர வேண்டியவரே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வரவேண்டியதாயிற்று. கூடப் போனவன் நான்.

இன்னொருவர் ஆறு லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைப் போக்கியத்துக்கு விட்டார். விமான நிலையம் வரப்போகிறது என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்ததும் புரோக்கர் பேச்சை நம்பி அந்தப் பணத்தை அப்படியே மனையில் போட்டார். பத்திரத்தை நான் வாங்கிப் படித்தேன். புஞ்சை நிலத்தில் பிரிபடாத பாகம், அதாவது எது அவர் இடம் என்று பிரித்துக் காட்டாத பங்கு என்றுதான் எழுதியிருக்கிறது. மனை எண் புரோக்கரின் வரைபடத்தில் மட்டும்தான். அங்கீகாரம் இல்லை. 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு போட்ட மனைப்பிரிவு என்பதால், அங்கீகாரமில்லாத மனைகளை முறைப்படுத்தித் தரும் அரசின் வரன்முறைத் திட்டத்திலும் சேராது. போக்கியக்காரர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். மனையை வாங்க ஆள் இல்லை. போக்கியப் பணம் நம் பணமல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன்.

கடன் வாங்கிக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 30 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை மாதம் சுமார் 27,000 ரூபாய். இரண்டு போர்ஷனும் நிரம்பி, தலா 9,000 வந்தாலும் மாதம் 9,000 கையிலிருந்து போகும். வீடு காலியாகக் கிடக்கும் மாதம், சொத்து வரி, வெள்ளையடிப்பு எல்லாம் தனி. வாடகையே கடனைக் கட்டிவிடும் என்று யாராவது சொன்னால், அவர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நாற்பது சனிக்கிழமைகள், என் சொந்த லேப்டாப்பையும் பிரிண்டரையும் கொண்டுவந்து மாலை 5 முதல் 7 வரை சங்க அறையில் உட்கார்ந்தேன். வந்தவர்கள் பதினோரு பேர். உறுப்பினர்கள் 140 பேர் இருக்கிறோம். வாடகைக்காரரோடு தகராறு வந்த பிறகு இரவு பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் அந்தப் பதினோரு பேரைவிட அதிகம். நான் ஒருநாளும் போனை எடுக்காமல் இருந்ததில்லை. ஆண்டுச் சந்தா 600 ரூபாயைக் கட்டியவர்கள் 58 பேர். மூன்று ஆண்டாகக் கட்டாதவர்களும் உண்டு. அவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. அறை வாடகையும் முகாம் செலவும்தான் பெரிய செலவுகள், மற்றவை சில்லறை.

இலவசமாக ஆலோசனை சொன்ன வழக்கறிஞருக்கும், பொருளாளருக்கும், நாற்காலி கொடுத்துதவிய கோயில் நிர்வாகத்தாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். யாரும் முன்வராவிட்டால் மேசை சனிக்கிழமைகளில் தொடரும், ஆனால் தனியாளாக என்னால் முடியாது. தெருவுக்கு ஒருவர் வேண்டும். வரும்போது இரு தரப்பு ஆதார், பான், புகைப்படம், கடைசியாகக் கட்டிய சொத்து வரி ரசீது ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். சந்தா ரசீதுப் புத்தகம் வாசல் பக்கத்து மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்து எட்டு மணி வரை நான் அங்கேதான் இருப்பேன்.

செயலாளர்