வலிமையான காந்தப் புலத்தை அளக்கக் கையால் சுற்றிய சுருள் போதும்

ஆசிரியர் அவர்கட்கு,

காந்தப் புலத்திலுள்ள கடத்தியில் மின்னோட்டம் பாயும்போது அதற்குக் குறுக்கே சிறு வோல்ற்றளவு தோன்றும் ஹோல் விளைவு, உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. எட்வின் ஹோல் 1879 இல் கண்டறிந்த அந்த விளைவின் சமன்பாட்டை எங்கள் வன்னி மாணவர்கள் பிழையின்றி எழுதுகிறார்கள். ஆனால் ஒரு காந்தத்தின் பாய அடர்த்தியை, அதாவது அதன் புலத்தின் வலிமையை, தாமே அளந்து பார்த்தவர்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

கடந்த தவணையில் என் மாணவியர் இருவர், பழுதடைந்த கணினி வன்தட்டிலிருந்து கழற்றிய நியோடிமியம் காந்தங்களை ஹோல் விளைவால் இயங்கும் மலிவான உணரி ஒன்றினால் அளக்க முயன்றார்கள். ஒரு காந்தத்தை வைத்தபோதும் இரண்டைச் சேர்த்து வைத்தபோதும் மல்ரிமீற்றர் ஏறத்தாழ 4 வோல்ற்றையே காட்டியதால், இரண்டாவது காந்தம் புலத்தைக் கூட்டவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார்கள். கண்காட்சியில் அதைப் பார்வையிட்ட நடுவரும் அம்முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்பதே என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. எஸ்எஸ்49ஈ போன்ற உணரி 5 வோல்ற்றில் இயங்கும்போது, புலமில்லாத நிலையில் 2.5 வோல்ற்றைத் தந்து, ஒவ்வொரு மில்லிதெசுலாவுக்கும் (தெசுலா என்பது பாய அடர்த்தியின் அலகு) சுமார் 14 மில்லிவோல்ற்று ஏறி அல்லது இறங்கி, 0.1 தெசுலாவை அண்டியதும் நிரம்பலடைந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்ட புலத்தை அதனால் பிரித்தறிய முடியாது.

அதன்பின் நாங்கள், சுருளினூடான காந்தப் பாயம் மாறும்போது அதில் வோல்ற்றளவு தோன்றும் என்று 1831 இல் பரடே கண்ட தூண்டல் விதிக்குத் திரும்பினோம். மின்விசிறி திருத்தும் கடையில் கேட்டு வாங்கிய எனாமல் கம்பியை, சராசரிப் பரப்பு 1 சதுர சென்ரிமீற்றர் வரும்படி 100 சுற்றுகள் சுற்றி, அதை 10 கிலோஓம் தடையி, 1 மைக்ரோபரட் கொள்ளளவி, ஒரு செயற்பாட்டு விரியலாக்கி ஆகியவற்றால் அமைந்து, சுருள் தரும் வோல்ற்றளவை நேரத்துடன் கூட்டித் தரும் தொகையீட்டுச் சுற்றுடன் இணைத்தோம். சுருளைக் காந்தத்தின் அருகிலிருந்து புலமில்லாத இடத்திற்கு வெடுக்கென்று இழுத்தால், இந்த அளவுகளுக்கு 1 தெசுலாவுக்குச் சரியாக 1 வோல்ற்று கிடைக்கும். அதாவது மல்ரிமீற்றர் காட்டும் வோல்ற்றே தெசுலா. அளவுதிருத்தத்திற்கு வேறு கருவி தேவையில்லை. சுற்றுகளை எண்ணவும் விட்டத்தை அளக்கவும் தெரிந்த பிள்ளை, தனக்குக் கிடைத்த எண் எங்கிருந்து வந்தது என்று தானே சொல்லிவிடும்.

எங்களை உண்மையில் அலைக்கழித்தது நகர்வுதான். விரியலாக்கியின் உள்ளீட்டில் 1 மில்லிவோல்ற்று வழு இருந்தாலே வெளியீடு செக்கனுக்கு 0.1 வோல்ற்று வீதம் தானாக நகர்ந்துவிடும். ஆகவே டிஎல்081 வகை விரியலாக்கியைப் பயன்படுத்தி, அதன் பூச்சியச் சீராக்க முனைகளில் ஒரு மாறுந்தடையியை இணைத்துப் பொறுமையாகத் திருகி நகர்வை அடக்க வேண்டும்; கொள்ளளவிக்குக் குறுக்கே ஓர் அழுத்து ஆளியை வைத்து ஒவ்வோர் அளவீட்டுக்கும் முன் பூச்சியமாக்க வேண்டும்; மின்பகு கொள்ளளவியைத் தவிர்த்துப் பொலியெஸ்ரர் வகையைப் போட வேண்டும். இரண்டு 9 வோல்ற்று மின்கலங்களில் இது இயங்குவதால் மின்தடை நாளிலும் செய்முறை நின்றுபோகாது. சுருள் தன் பரப்புக்குரிய சராசரிப் புலத்தையே தருகிறது என்பதையும், நியோடிமியம் காந்தங்கள் ஒன்றையொன்று பாய்ந்து ஒட்டும்போது விரலை நசுக்கும், உடைந்து சிதறும் என்பதையும் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இரண்டு காந்தங்களைச் சேர்த்தபோது புலம் கூடுவதை அந்த மாணவியர் இப்போது தாமே கண்டு, பழைய குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

வலயக் கல்வி அலுவலகங்களிடம் நான் கேட்பது விலையுயர்ந்த கருவிகளை அல்ல. பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு இச்சுற்றை அமைத்துப் பார்க்க ஒரு சனிக்கிழமைப் பயிற்சியை ஒழுங்குசெய்ய வேண்டும். அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தினர், மாணவர்கள் சுற்றிய சுருள்களைத் தரமான காந்தப்புலமானியுடன் ஒப்பிட்டுப் பார்க்க ஆண்டில் ஒரு நாளை ஒதுக்கித் தந்தால், கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவரும் பொறுப்பை என் போன்ற ஆசிரியர்கள் ஏற்றுக்கொள்வோம்.

இப்படிக்கு,
உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கிளிநொச்சி.