தூண்டில் மீனவர் சங்கம்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, விடியக் கரைபிடித்துவிட்டு உறங்காமல் வந்து அமர்ந்திருக்கும் தொழிலாளிகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

சந்தா, வரவு செலவு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உயிர்காப்புச் சட்டைக்கும் படகுப் பதிவுப் புதுப்பிப்புக்கும் உறுப்பினர்கள் தந்த மனுக்களை உரிய அலுவலகத்தில் சேர்த்துவிட்டோம், பதில் வர வர அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். நம் கரைக் கொட்டகையான வாடியின் கூரையில் ஒழுகிய ஓடுகளை மாற்றியாகிவிட்டது. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை நரம்புச் சோதனைக்கே, அதாவது தூண்டிலில் கட்டும் நைலான் இழை எவ்வளவு எடை தாங்கும் என்ற சோதனைக்கே, ஒதுக்கியிருக்கிறேன். சங்கம் இந்த ஆண்டு செய்த வேலைகளில் எல்லாப் படகுக்கும் நேரடியாகப் பயன்படக்கூடியது அதுதான் என்பது என் எண்ணம்.

சென்ற பொதுக்குழுவில் எழுந்த புகார் உங்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் தடைக்காலத்தில்தான் நாட்டுப்படகுத் தூண்டில் மீனுக்கு நல்ல விலை. அந்த நாட்களில் பாரில், அதாவது கடலடிக் கல்திட்டில், களவாய் மீனும் பாறை மீனும் இரையெடுத்தபின் நரம்பு அறுந்தால் மீனும் போச்சு, முள்ளும் (தூண்டில் கொக்கியும்) எடைக்குக் கட்டிய ஈயமும் போச்சு, அன்றைய எண்ணெய்க் காசும் போச்சு. சுருளில் ஒட்டிய சீட்டில் இருபது கிலோ என்று போட்டிருக்கும் நரம்பு அதில் பாதி எடைகூட இல்லாத மீனுக்கு எப்படி அறுகிறது என்று கேட்டவர்களுக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. மொத்தமாகத் தங்கூஸ் என்ற இந்த நரம்பை வாங்குவதற்கு முன் சங்கமே சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம்.

சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. வாடியின் உத்தரத்தில் வழவழப்பான இரும்புக் குழாய் ஒன்றைக் குறுக்கே கட்டினோம். நரம்பின் ஒரு முனையை அந்தக் குழாயில் பல சுற்றுச் சுற்றி விட்டோம், மறுமுனையை வாளியின் பிடியில் மாட்டிய இன்னொரு குழாயில் அதேபோலச் சுற்றினோம். முடிச்சுப் போட்டால் முடிச்சில்தான் அறும், அப்போது நரம்பின் சொந்த பலம் தெரியாது. வாளியில் குவளை குவளையாக மணலைப் போட்டுக்கொண்டே போய், அறுந்து விழுந்ததும் வாளியோடு ஏலக்கூடத் தராசில் நிறுத்தோம். மணலை மெதுவாகத்தான் போட வேண்டும். கொட்டினால் அந்த அதிர்ச்சியிலேயே அறுந்து கணக்கு கெட்டுவிடும். ஒவ்வொரு சுருளிலும் ஆரம்பம், நடு, கடைசி என்று வெவ்வேறு இடத்தில் துண்டு எடுத்தோம். அறும் நரம்பு சாட்டையாகத் திரும்பி வரும் என்பதால் அருகில் நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டோம்.

முதலில் தெரிந்தது தண்ணீரின் கதை. நைலான் தண்ணீர் குடிக்கும், ஊறி முடிக்கும்போது தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட உறிஞ்சிக்கொள்ளும். ஊறிய நரம்பு கைக்கு மிருதுவாகிறது, சுருள் விழுவது குறைகிறது, கூடவே பலத்திலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடுகிறது. கடையில் காய்ந்த நரம்பைக் கையில் சுற்றி வெடுக்கென்று இழுத்துப் பார்க்கும் நம் பழக்கம் இதனால்தான் பயன்படாது. நாம் தொழில் செய்வது ஊறிய நரம்பில். எனவே முதல் நாள் இரவே துண்டுகளைக் கடல்தண்ணீரில் போட்டுவைத்து, மறுநாள் ஈரத்தோடு சோதிப்பதை வழக்கமாக்கினோம்.

சீட்டில் போடும் கிலோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலகத் தூண்டில் சாதனைகளைப் பதிவு செய்யும் ஐ.ஜி.எஃப்.ஏ. என்ற அமைப்பு 1939இல் தொடங்கியது. சாதனைக்கு வரும் நரம்பை அவர்கள் ஈரத்தில்தான் சோதிப்பார்கள். அவர்கள் கணக்கில் 10 கிலோ ‘கிளாஸ்’ நரம்பு என்றால் ஈரத்தில் 10 கிலோவைத் தாண்டாமல் அற வேண்டும். சாதாரணமாக ‘டெஸ்ட்’ என்று எழுதி விற்பது வேறு. அது போட்டிருக்கும் எடைக்கு மேலேயும் தாங்கலாம், பல சமயம் தடிமனைக் கூட்டித்தான் அந்தப் பலத்தைக் கொண்டுவருவார்கள். ஆகவே இரண்டு சுருள்களைக் கிலோவை வைத்து ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். தடிமனை அளந்து ஒப்பிட வேண்டும். பலம் நரம்பின் குறுக்குப் பரப்போடு கூடுவது. 0.50 மி.மீ.க்குப் பதில் 0.60 மி.மீ. எடுத்தால் பார்வைக்குக் கொஞ்சம்தான் வித்தியாசம், பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. மைக்ரோமீட்டர் வைத்தபோது சில சுருள்கள் சீட்டில் இருந்ததைவிடத் தெளிவாகத் தடித்திருந்தன. அவற்றின் பலத்தை மெச்சிக்கொண்டிருந்தவர்களுக்குக் காரணம் அன்றைக்குப் புரிந்தது. தடித்த நரம்பை நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், அதிகமாகத் தள்ளும், ஈயத்தைக் கூட்ட வேண்டிவரும், இரை இயல்பாக நிற்காது.

முடிச்சுக்கு வருகிறேன். இதைக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் கவனிக்க வேண்டும். நடு நரம்பில் தானாக விழும் ஒற்றை முடிச்சு ஒன்று போதும், பலம் பாதிக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இருபது கிலோ நரம்பு பத்துக் கிலோவுக்கு அறும் மர்மம் பெரும்பாலும் இதுதான். முள் கட்டும் முடிச்சுகளில், அவசரத்தில் போடும் வெறும் கட்டு எல்லாவற்றையும்விட மோசமாக நின்றது. நரம்பை இரட்டையாக மடித்து வளையத்தில் நுழைத்துக் கட்டும் பாலோமர் முடிச்சும், பல சுற்றுச் சுற்றி இறுக்கும் யூனி முடிச்சும் நன்றாகத் தாங்கின. எந்த முடிச்சாக இருந்தாலும் எச்சில் தொட்டு நனைத்து, மெதுவாக இறுக்க வேண்டும். காய்ந்தபடி வெடுக்கென்று இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நரம்பின் தோல் நலிந்துவிடுகிறது. நகை வேலை செய்பவர்கள் கண்ணில் மாட்டும் லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி அறுந்த முனைகளைப் பார்த்தோம். முடிச்சு வழுக்கிப் போயிருந்தால் முனை பன்றிவாலாகச் சுருண்டிருக்கிறது. பார்க் கல்லில் தேய்ந்திருந்தால் வெள்ளையாகப் பிசிறு எழும்பியிருக்கிறது. இழுவையில் அறுந்தது இரண்டும் இல்லாமல் சட்டென்று முடிந்திருக்கிறது. இனிமேல் நரம்பு அறுந்து கரைக்கு வருகிறவர்கள் அந்த முனையை எறிந்துவிடாமல் கொண்டுவாருங்கள், காரணம் பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

பார்த் தேய்மானத்துக்கு, கரையில் ஒதுங்கிய சொரசொரப்பான பவளக் கல்லின் மேல் ஈயம் கட்டிய நரம்பை முன்னும் பின்னும் இழுத்தோம். கல்லில் லேசாகத் தேய்ந்த நரம்புகூட, கையால் தடவினால் சிறு சொரசொரப்பு மட்டும் தெரியும் நிலையில், புதியதைவிட வெகு சீக்கிரம் அறுந்தது. ஒவ்வொரு முறை தூண்டில் இறக்கும் முன் முள்ளுக்கு மேலே இரண்டு பாகம் (இரண்டு கைவிரிப்பு) நரம்பை விரலிடையில் உருவிப் பாருங்கள், சொரசொரத்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். பாரில் விளமீன், களவாய் பிடிப்பவர்கள் முள்ளோடு சேரும் கடைசித் துண்டைத் தடித்த நரம்பில் போடுவதே நல்லது. பின்னல் நூல் நல்லதா என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். அது மெல்லியது, இழுபடாது, ஆழத்தில் மீன் கடிப்பது உடனே விரலுக்குத் தெரியும். ஆனால் கல்லில் பட்டால் சீக்கிரம் போய்விடும், வெறுங்கையை அறுக்கும். நைலான் அறுமுன் தன் நீளத்தில் கால்பங்கு வரைகூட இழுபடக்கூடியது. பெரிய பாறை மீன் திடீரென்று திரும்பிப் பாயும்போது அந்த அதிர்வைத் தாங்கித் தருவது இந்த இழுபடுதல்தான். கைத்தூண்டிலுக்கு நான் நைலானையே சொல்வேன்.

மேற்குக் காற்று வீசும் கச்சான் காலம் முழுவதும் ஒரே சுருளின் பாதியை வாடிக் கூரையிலும் மறுபாதியை மூடிய பெட்டியிலும் வைத்திருந்தோம். வெயிலில் கிடந்தது நிறம் மங்கி, சொரசொரத்து, முடிச்சில் மிகச் சுலபமாக அறுந்தது. பெட்டியில் இருந்தது பழையபடியே இருந்தது. படகில் நரம்பைச் சாக்குக்கு அடியில் வையுங்கள். பேட்டரிப் பக்கம் வைக்கவே வேண்டாம். டீசலும் மண்ணெண்ணெயும் நைலானுக்குப் பெரிய கேடு செய்வதில்லை, பேட்டரி அமிலம் அதைத் தின்றுவிடும்.

இந்தச் சோதனையின்படி ஒரு மொத்த வரவில் பாதிச் சுருள்களைத் திருப்பி அனுப்பினோம். அனுப்பிய வியாபாரி முதலில் மறுத்தார், வாளியும் மணலுமாக அவர் முன்னிலையிலேயே செய்து காட்டியதும் மாற்றித் தந்தார். வாளியைத் தூக்கியவர்களுக்கும் துண்டுகளை ஊறப்போட்ட பெண்களுக்கும் சங்கம் நன்றி சொல்கிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஈரத்திலும் முடிச்சிலும் சோதிக்காத நரம்பைச் சங்கத்தின் பெயரில் வாங்கக்கூடாது. தூத்துக்குடியில் 1977 முதல் இயங்கும் மீன்வளக் கல்லூரியை அணுகி, நம் சுருள்களின் மாதிரிகளை அவர்கள் இயந்திரத்தில் இழுத்துப் பார்க்கக் கேட்க வேண்டும். அறுந்த, கழித்த நரம்பைப் போட வாடி வாசலில் ஒரு பீப்பாய் வைக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் ஆமையின் துடுப்பிலும் நீர்க்காகத்தின் காலிலும் சுற்றிக்கொண்டு அவற்றைக் கொல்வது நாம் எறியும் நரம்பு, தண்ணீரில் அது மக்கிப்போவதில்லை. அதை எரிக்கவும் கூடாது.

இந்த ஆண்டறிக்கையை ஏற்று, மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்