கேப்டனுக்காக ஒரு பீர்

அன்புள்ள மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளின் தேர்வு முடிவு தெரிந்தது, ரொம்ப சந்தோஷம். கணக்கில் அவள் உன்னைப் போல் ஆகாதது அவள் அம்மா செய்த புண்ணியம். வீடு மாறிய கதை நீளமானது, அதை அப்புறம் எழுதுகிறேன். இப்போது கேப்டன் விஷயம்.

அவன் உன்னிடம் போனில் பாதிதான் சொல்லியிருக்கிறான். “வயிறு கொஞ்சம் சரியில்லை, டாக்டர் சிலதை நிறுத்தச் சொன்னார்” என்றானாம். அது சீலியாக் நோய்டா. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு எண்டோஸ்கோபியில் சிறுகுடலிலிருந்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்திருக்கிறார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் போதும், அவனுடைய நோய் எதிர்ப்பு மண்டலமே சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் அவன் குடலுறிஞ்சிகளைத் தாக்கும். மாத்திரை எதுவும் இல்லை. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

அவன் அண்ணன் இருக்கிறாரே, “இதெல்லாம் இந்தக் காலத்து நோய், பேஷன்” என்று அவன் முன்னாலேயே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே பாடம் எடுத்துவிட்டேன். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம், ரொட்டிக்கே வழியில்லை. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, இந்த நோயுள்ள குழந்தைகள் அப்போது தேறியதையும், ரொட்டி திரும்பக் கிடைத்ததும் மறுபடி படுத்ததையும் கவனித்தார். 1950-இல் கோதுமைதான் காரணம் என்று ஆய்வேட்டில் எழுதினார். எழுபது வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயத்தைப் பேஷன் என்றால் எப்படிப் பொறுத்துக்கொள்வது? பெரியவர் பேசாமல் எழுந்து போய்விட்டார். போகட்டும்.

என்னை வருத்தியது வேறு. கேப்டன் நம் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டான். ஒரே ஒரு முறை வந்தான். பீர் பார்லியில் வடிப்பதாயிற்றே, தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தான். “ஒரு வாய் குடித்தால் என்னடா ஆகிவிடும்” என்று நம்ம வக்கீல் கேட்டான், அவனுக்கு வேறென்ன தெரியும். வயிறு வலிக்கவில்லை என்பதால் குடலுக்குள் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை என்று கேப்டன் பொறுமையாக விளக்கினான். அடுத்த முறை கூப்பிட்டபோது வேலை இருக்கிறது என்றான். அவனுக்கு என்ன வேலை, நமக்குத் தெரியாதா? எங்கள் எல்லோருக்கும் பீர் ருசி என்றால் என்னவென்று சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

அதனால்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். குளூட்டன் இல்லாத பீரை வீட்டிலேயே வடிப்பதற்கான கிட். நான் வாங்கப்போகிறேன் என்றதும் நீ இரண்டு யோசனை சொன்னாய். இரண்டுக்கும் இப்போது பதில் சொல்கிறேன். நம் கூட்டத்தில் பீர் வடிப்பதில் அனுபவசாலி நீதான், உன் மேல் மரியாதை உண்டு. ஆனால் இரண்டிலும் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை.

முதல் யோசனை அந்த நொதி. பார்லி பீரிலேயே ஈஸ்டோடு சேர்த்து நாலு சொட்டு விட்டால் குளூட்டன் போய்விடும், எதற்கு இவ்வளவு பாடு என்றாய். அந்த நொதியை முதலில் பீர் குளிரும்போது கலங்காமல் இருப்பதற்காகத்தான் பயன்படுத்தினார்கள். புரதத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடமாகப் பார்த்து நறுக்கும். குளூட்டனில் புரோலின் நிறைய, அதனால் அதுவும் துண்டாகிவிடும். இங்கேதான் எனக்குச் சிக்கல். குளூட்டன் துண்டாகிறது, பீரை விட்டு வெளியே போவதில்லை. கடையில் விற்கும் பண்டங்களைச் சோதிக்க வழக்கமாகச் செய்யும் பரிசோதனை முழுப் புரதத்தை இரண்டு இடத்தில் பிடித்தால்தான் கணக்கில் காட்டும். சின்னத் துண்டுகள் அதன் கண்ணில் படாது. துண்டுகளுக்கென்று வேறொரு பரிசோதனை இருக்கிறது. ஆனால் அது தரும் எண்ணை வைத்து எந்தத் துண்டு யாருடைய குடலைச் சீண்டும் என்று சொல்ல முடியாது. இப்படித் தயாரித்த பீரோடு சில சீலியாக் நோயாளிகளின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள்கள் வினைபுரிந்ததாக 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. எல்லோருடைய ரத்தமும் அப்படி இல்லை, சிலருடையதுதான். அந்தச் சிலரில் நம் கேப்டனும் ஒருவனாக இருந்தால்?

கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகாவிட்டால் குளூட்டன் இல்லை என்று எழுதலாம் என்பதுதான் சர்வதேச அளவுகோல். புளிக்க வைத்த பண்டங்களில் அந்த அளவைச் சரியாகக் கணிக்கும் முறை இன்னும் இல்லை என்பதால், அமெரிக்காவில் 2020-இல் விதியையே மாற்றினார்கள். புளிக்க வைப்பதற்கு முன்பே மூலப்பொருளில் குளூட்டன் இல்லை என்று காட்ட வேண்டும். எனக்கு இந்த நியாயம்தான் பிடித்திருக்கிறது. பார்லியை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் துரத்துவதைவிட, வாசலிலேயே நிறுத்திவிடலாம்.

இரண்டாவது, உன் வாளியையும் குழாயையும் அனுப்புகிறேன் என்றாயே, அது. அன்புக்கு நன்றி, ஆனால் வேண்டாம். எத்தனை வருஷமாக அதில் பார்லி சாறு ஊறியிருக்கிறது! பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார், கீறல்கள் தட்டுப்படும். அதில் ஒட்டியது தேய்த்தாலும் முழுதாகப் போகாது. வடிகுழாயின் உள்ளே கையே நுழையாது. எனவே வாளி, குழாய், மூடி எல்லாம் புதிதாக வாங்கினேன். கிளறுவதற்கு மரக்கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு எவர்சில்வர் கரண்டி எடுத்தேன். ஈஸ்டிலும் பார்க்க வேண்டியிருக்கிறது, தெரியுமா? திரவ ஈஸ்டைப் பெரும்பாலும் பார்லி மால்ட் சாற்றில்தான், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியின் சாற்றில்தான் வளர்ப்பார்கள். கிட்டில் வந்தது உலர் ஈஸ்ட், குளூட்டன் இல்லை என்று பொட்டலத்தில் அச்சிட்டிருந்தது. பீருக்குக் கனம் கூட்டும் மால்டோடெக்ஸ்ட்ரின் தூள் மக்காச்சோளத்தில் எடுத்தது. ஒவ்வொரு பொட்டலத்தையும் படித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

இனி உனக்குப் பிடித்த பகுதி. மால்ட்டுக்குப் பதிலாக வெள்ளைச் சோள சிரப். தேன் மாதிரி கெட்டி, நிறம் வெளிர் மஞ்சள். தானியத்தை நாமே ஊறவைத்துச் சாறெடுக்கக் கூடாதா என்று நீ கேட்பாய். சோள மாவுச்சத்து இளகப் பார்லியைவிட அதிகச் சூடு வேண்டும், அந்தச் சூட்டிலோ அதைச் சர்க்கரையாக்க வேண்டிய நொதிகள் செத்துப்போகும். சோள மால்ட்டில் அந்த நொதிகளில் ஒன்று இயல்பிலேயே குறைவு. முதல் முயற்சிக்கு சிரப்தான் சரி. அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றிக் கரைத்தேன், இல்லாவிட்டால் அடியில் போய் உட்கார்ந்து கருகிவிடும். அப்புறம் ஒரு மணி நேரக் கொதி. கசப்புக்கு முதலில் கொஞ்சம் ஹாப்ஸ் பூ, மணத்துக்குக் கடைசியில் ஒரு கைப்பிடி. அந்தக் கடைசிக் கைப்பிடி விழுந்ததும் சமையலறை முழுக்க எலுமிச்சைத் தோல் வாசனை. அந்த மணத்துக்காகவே நீ வந்திருக்கலாம்.

சோளச் சாற்றில் ஈஸ்டுக்கு வேண்டிய நைட்ரஜன் சத்து போதாது. அதற்கென்று கிட்டில் ஒரு சிறு பொட்டலம் இருந்தது, அதை விட்டுவிடவே கூடாது. ஆறவைத்து அளந்தபோது, சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.046 காட்டியது. வாளி மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக்கின் சத்தம் ஓய்ந்து, அடுத்தடுத்த நாட்களில் அளவு மாறாமல் 1.010-இல் நின்ற பிறகே பாட்டிலில் அடைத்தேன். ஆல்கஹால் 4.7 சதவீதம் வருகிறது. பாட்டில் வெடிக்கும் கதையெல்லாம் உன் மாடியோடு முடியட்டும்.

ருசி பற்றி உள்ளதைச் சொல்கிறேன். பார்லி பீரின் ரொட்டி மணமும் வாய் நிறைகிற கனமும் இதில் இல்லை. நாக்கின் ஓரத்தில் மெல்லிய புளிப்பு. நுரை எழும்புகிறது, ஆனால் நிற்பதில்லை. நுரையைத் தாங்கும் பார்லிப் புரதம் இல்லையே. பாட்டிலிலேயே சில வாரம் இருந்த பிறகு புளிப்பு அடங்கி ஹாப்ஸ் முன்னுக்கு வந்தது. பார்லி பீரின் நகல் என்று நினைத்துக் குடித்தால் குறைதான் தெரியும். சோள பீர் என்றே குடித்தால் சுத்தமான, லேசான, நல்ல பீர். ஆப்பிரிக்காவில் தலைமுறை தலைமுறையாகச் சோளத்தில்தான் பீர் வடிக்கிறார்கள். நைஜீரியாவில் 1988-இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தபோது பெரிய ஆலைகளே சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. இது மாற்றுச் சரக்கு என்று யாரும் மூக்கைச் சுளிக்க வேண்டாம்.

கேப்டனை வீட்டுக்குக் கூப்பிட்டேன். பாட்டிலைத் திறப்பதற்கு முன் எல்லாப் பொட்டலங்களையும் வாங்கிப் படித்தான், வாளியைப் பார்க்க வேண்டும் என்றான், காட்டினேன். குடித்துவிட்டு, “ஹாப்ஸ் பத்தாது, ஆனா பீர்தான்டா இது” என்றான். பழைய கேப்டனேதான்! அன்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த கூட்டத்துக்கு வருகிறான். அன்றைக்கு எல்லோருக்கும் இந்த பீர்தான், வக்கீலுக்கும் சேர்த்து. ஒரே மேஜையில் இரண்டு விதமாக ஊற்றினால் கிளாஸ் மாறிவிடும்.

இப்போது உன் உதவி வேண்டும். அடுத்த முறை நுரையும் நிறமும் கூடட்டும் என்று, பக்வீட்டை (பெயரில்தான் கோதுமை, குளூட்டன் கிடையாது) வறுத்து, சுடுநீரில் ஊறவைத்து வடித்த சாற்றைச் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன். முளைகட்டாத பக்வீட் என்றால் மாவுச்சத்து இறங்கிப் பீர் கலங்குமோ? மால்ட் செய்த பக்வீட்டாகவே தேடட்டுமா? ஹாப்ஸில் கேப்டன் சிட்ரா கேட்கிறான், எனக்குக் கேஸ்கேட் போதும் என்று படுகிறது. நீ சொல்கிறபடி செய்கிறேன். இந்த வார இறுதிக்குள் எழுது, சாமான் வாங்கப் போக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்